பார்வையாளருக்குப் பயந்து சொன்ன பொய்: ஃபாக்ஸ் நியூஸ் – டொமினியன் வழக்கு காட்டுவது என்ன?

2023 ஏப்ரல் 18. அமெரிக்காவின் டெலவேர் மாகாணம், வில்மிங்டன் நகர நீதிமன்றம். ஜூரிகள் தேர்வாகி உறுதிமொழி எடுத்து முடித்திருந்தார்கள். வழக்கறிஞர்களின் தொடக்க உரைக்கு எல்லோரும் காத்திருந்த நேரத்தில், வழக்கு சமரசமாக முடிந்துவிட்டது என்று நீதிபதி எரிக் டேவிஸ் அறிவித்தார். வாக்கு எண்ணும் இயந்திரங்களைச் செய்யும் டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் கொடுக்க, பழமைவாதிகள் அதிகம் பார்க்கும் செய்திச் சேனலான ஃபாக்ஸ் நியூஸ் சம்மதித்திருந்தது. 2020 அதிபர் தேர்தலில் டொமினியன் இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக அந்த நிறுவனம் போட்ட அவதூறு வழக்கு அது.

அமெரிக்காவில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பழமைவாத வாக்காளர்களை அவர்களுடைய தலைவர்களும் அவர்கள் பார்க்கும் சேனல்களும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்பது ஒரு தரப்பு. எங்களுக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்று நினைக்கிற மேட்டுக்குடித் திமிர்தான் இந்தப் பேச்சு என்பது எதிர்த் தரப்பு. இது பெரும்பாலும் தீராது. ஒருவர் பொய் சொன்னாரா, தவறாக நம்பித்தான் சொன்னாரா என்பது அவர் மனதுக்குள் இருப்பதைப் பொறுத்தது; அதை யார் எட்டிப் பார்க்க முடியும்? டொமினியன் வழக்கில் முடிந்தது. தொகுப்பாளர்களும் நிர்வாகிகளும் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள், சத்தியப் பிரமாணத்தின் மேல் கொடுத்த வாக்குமூலங்கள் எல்லாம் நீதிமன்ற ஆவணங்களாக வெளியே வந்தன. அந்த ஆவணங்களை அடிப்படையிலிருந்து படித்தால், இரண்டு தரப்பினரும் எதிர்பார்க்காத ஒரு விடை கிடைக்கிறது.

முதலில் சில சொற்கள்

பழமைவாதிகள் என்று இங்கே சொல்வது, பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர்களை. 2020 நவம்பர் 3 அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப்புக்கு விழுந்த 7.4 கோடி வாக்குகளில் பெரும்பகுதி இவர்களுடையது. ஜோ பைடனுக்கு 8.1 கோடி. அதிபர் யார் என்று முடிவு செய்யும், மாகாணவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் குழு வாக்குகள் பைடனுக்கு 306, டிரம்ப்புக்கு 232.

‘தவறாக வழிநடத்துவது’ என்பது ஒரே வேலை அல்ல. குறைந்தது மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் விவாதம் முட்டுச்சந்தில் நிற்கிறது.

1. பொய் என்று தெரிந்தே சொல்வது.
2. உண்மையில் ஒரு துண்டை மட்டும் காட்டிவிட்டு மீதியை விட்டுவிடுவது.
3. தான் எதையும் சொல்லாமல், சொல்கிறவருக்கு ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

ஃபாக்ஸில் நடந்ததில் பெரும்பகுதி மூன்றாவது வகை. ‘செய்தியாக இருப்பதைத்தான் ஒளிபரப்பினோம்’ என்று அதன் வழக்கறிஞர்கள் வாதாடியதும் அதனால்தான்.

எண்ணிக்கை இரவோடு இரவாக ஏன் புரண்டது?

பொய் வேர் பிடிக்க ஒரு மண் வேண்டும். அந்த மண், வாக்கு எண்ணும் முறையில் இருந்தது.

இந்தியாவைப் போல ஒரே தேர்தல் ஆணையம் எல்லாவற்றையும் நடத்தும் ஏற்பாடு அமெரிக்காவில் இல்லை. சட்டத்தை மாகாணம் போடுகிறது. தேர்தலைக் கவுன்ட்டி என்ற உள்ளூர் நிர்வாகம் நடத்துகிறது. கவுன்ட்டிகள் 3,000-க்கும் மேல். எந்த இயந்திரம், தபால் வாக்கை எப்போது பிரிப்பது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்வோம். காரணம் சொல்லாமலே யாரும் தபாலில் வாக்களிக்கலாம் என்ற சட்டம் அங்கே 2019-இல் வந்தது. அப்போது சட்டமன்றப் பெரும்பான்மை குடியரசுக் கட்சியிடம்தான் இருந்தது. மறு ஆண்டு கொரோனா வந்ததும் சுமார் 26 லட்சம் பேர் தபாலில் வாக்களித்தார்கள். ஒவ்வொரு தபால் வாக்குக்கும் பிடிக்கும் வேலை இவ்வளவு: வெளி உறையில் உள்ள உறுதிமொழியையும் கையெழுத்தையும் சரிபார்க்க வேண்டும், உறையைக் கிழித்து உள்ளே இருக்கும் ரகசிய உறையை எடுக்க வேண்டும் (அந்த உள் உறை இல்லாவிட்டால் வாக்கு செல்லாது), அதையும் பிரித்து, மடிப்பை நீவி, ஸ்கேனரில் விட வேண்டும். இந்த வேலையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்பது மாகாணச் சட்டம். முன்கூட்டியே தொடங்க அனுமதி கேட்டுத் தேர்தல் அலுவலர்கள் கெஞ்சினார்கள், சட்டமன்றம் மாற்றவில்லை. முன்கூட்டியே பிரிக்க அனுமதித்த ஃபுளோரிடாவில் அன்றிரவே முடிவு தெரிந்துவிட்டது.

இதோடு இன்னொன்று சேர்ந்தது. தபால் வாக்கை நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்கில் சொல்லிவந்தார். அதனால் அவருடைய ஆதரவாளர்கள் நேரில் போய் வாக்களித்தார்கள். பென்சில்வேனியாவின் தபால் வாக்குகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பைடனுக்கு விழுந்தது. நேரில் போட்டவை முதலில் எண்ணப்பட்டன, தபால் வாக்குகள் பிறகு. தேர்தல் இரவில் 6,90,000 வாக்குகள் முன்னிலை என்று டிரம்ப் சொன்னது அந்த நேரத்துக் கணக்கின்படி பொய் அல்ல. இறுதியில் அதே மாகாணத்தில் பைடன் 80,555 வாக்குகளில் வென்றார்.

தூங்கப் போகும்போது ஜெயித்துக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தால் தோற்றுக்கொண்டிருக்கிறார். சந்தேகம் வருவது இயல்புதான். இப்படித்தான் நடக்கும் என்று தேர்தல் வல்லுநர்கள் முன்பே எழுதியிருந்தார்கள், ஃபாக்ஸின் சொந்தக் கணிப்புக் குழுவும் உட்பட. அந்த விளக்கத்தைக் கேட்டவர்களுக்கு எண்ணிக்கை புரண்டது செய்தியே அல்ல. கேட்காதவர்களிடம் நவம்பர் 4 அதிகாலையில் டிரம்ப் வெள்ளை மாளிகையில் நின்று, ‘உண்மையைச் சொன்னால் நாம் ஜெயித்துவிட்டோம்’ என்றார்.

ஆன்ட்ரிம் கவுன்ட்டி: உண்மையாகவே நடந்த ஒரு தவறு

மிச்சிகன் மாகாணத்தில் ஆன்ட்ரிம் என்று ஒரு சின்னக் கவுன்ட்டி. குடியரசுக் கட்சியின் கோட்டை. தேர்தல் இரவில் அங்கே பைடனுக்கு 7,769, டிரம்ப்புக்கு 4,509 என்று முடிவு வெளியானது. உள்ளூர்க்காரர்கள் யாரும் நம்பவில்லை. அவர்கள் நம்பாததும் சரிதான்.

நடந்தது இது. அக்டோபரில் சில ஊர்களின் வாக்குச்சீட்டில் உள்ளூர்ப் போட்டிகளுக்காகத் திருத்தம் செய்தார்கள். சீட்டு மாறினால், அதைப் படிக்கும் இயந்திரங்களுக்கான நினைவக அட்டைகளையும் கவுன்ட்டி முழுவதற்கும் புதுப்பிக்க வேண்டும். திருத்தம் நடந்த ஊர்களுக்கு மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு இயந்திரமும் தன் ஊர் வாக்கைச் சரியாகத்தான் எண்ணியது; அது அச்சிட்ட காகித நாடாவிலும் கணக்கு சரி. ஆனால் கவுன்ட்டி அலுவலகக் கணினியில் எல்லாவற்றையும் சேர்த்தபோது வரிசை ஒரு கட்டம் தள்ளி விழுந்து, ஒருவருடைய வாக்கு இன்னொருவர் கணக்கில் ஏறியது.

மறுநாளே கண்டுபிடித்தார்கள். திருத்திய முடிவு: டிரம்ப் 9,748, பைடன் 5,960. டிசம்பர் 17 அன்று எல்லாச் சீட்டுகளையும் கையால் எண்ணிப் பார்த்ததில் டிரம்ப்பின் முன்னிலை 12 வாக்குகள் கூடியது, அவ்வளவுதான். தவறு செய்த தேர்தல் அலுவலரும் குடியரசுக் கட்சிக்காரர்.

அங்கே இருந்தவை டொமினியன் இயந்திரங்கள். அந்த ஒரு தகவல் போதுமானதாக இருந்தது. ‘இயந்திரம் வாக்கை மாற்றியது’ என்ற கதை ஆன்ட்ரிமிலிருந்து கிளம்பியது. திருத்தமும் கை எண்ணிக்கையும் அதைத் தொடர்ந்து ஓடவே இல்லை. இதைத்தான் மேலே இரண்டாவது வகை என்றோம். மிச்சிகன் செனட்டின் குடியரசுக் கட்சி உறுப்பினர் எட் மெக்புரூம் தலைமையிலான குழு 2021 ஜூனில் எல்லாவற்றையும் ஆராய்ந்து, பரவலான மோசடிக்கு ஆதாரமே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அவருக்குக் கிடைத்தது சொந்தக் கட்சிக்காரர்களின் வசை.

குற்றச்சாட்டுகள் நான்கு

டொமினியன் மீது ஒளிபரப்பான குற்றச்சாட்டுகளை வழக்கு நான்காகப் பிரித்தது:

1. இயந்திரங்கள் மூலம் தேர்தலையே திருடியது.
2. வாக்குகளை மாற்றும் ரகசிய மென்பொருள் வைத்திருக்கிறது.
3. வெனிசுலாவின் ஊகோ சாவேசுக்காகத் தேர்தல் மோசடி செய்ய உருவாக்கப்பட்ட நிறுவனத்துக்குச் சொந்தமானது.
4. இயந்திரங்களை வாங்க அரசு அலுவலர்களுக்கு லஞ்சம் கொடுத்தது.

மூன்றாவதை முதலில் தள்ளிவிடலாம். டொமினியன் கனடாவின் டொராண்டோவில் பிறந்த நிறுவனம். வெனிசுலாக்காரர்கள் நிறுவிய ஸ்மார்ட்மாட்டிக் என்பது வேறு நிறுவனம். 2020 தேர்தலில் அதன் தொழில்நுட்பம் அமெரிக்காவில் பயன்பட்டது லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் மட்டும். அங்கே யார் ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

முதல் இரண்டையும் உடைத்தது காகிதம். இழுபறியான ஜார்ஜியாவில் டொமினியன் முறையில் பதிவான ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு காகிதச் சீட்டு உண்டு. நம் ஊரில் விவிபேட் சீட்டைத் தொகுதிக்கு ஐந்து இயந்திரங்களில் மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஜார்ஜியாவில் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். பிறகு இயந்திரத்தில் மறுபடி எண்ணினார்கள். மூன்று முறையும் பைடன்தான். இறுதி வித்தியாசம் 11,779. (2021 ஜனவரி 2 அன்று தேர்தலைக் கவனிக்கும் மாகாணச் செயலர் பிராட் ரஃபென்ஸ்பெர்கரிடம் தொலைபேசியில் ‘11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும்’ என்று டிரம்ப் கேட்டது இந்த எண்ணை வைத்துத்தான்.) மோசடி நடந்ததாக அதிகம் சொல்லப்பட்ட ஃபிலடெல்ஃபியாவிலும் மில்வாக்கியிலும் இருந்தவை டொமினியன் இயந்திரங்களே அல்ல, வேறு நிறுவனத்தினுடையவை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

திரையில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று

நீதிமன்ற ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் கதை தானாகவே தெரிகிறது.

நவம்பர் 3, இரவு 11.20. அரிசோனாவில் பைடன் வெற்றி என்று ஃபாக்ஸின் கணிப்புக் குழு மற்ற எல்லாருக்கும் முன்பாக அறிவித்தது. கணிப்பு சரியாகவே இருந்தது, வித்தியாசம் 10,457. ஆனால் பார்வையாளர்கள் கொதித்தார்கள். நியூஸ்மேக்ஸ் என்ற சிறிய சேனல் பைடனின் வெற்றியை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது. கூட்டம் அங்கே நகர்ந்தது. சுமார் ஒரு மாதத்தில், விளம்பரதாரர்கள் விரும்பும் 25–54 வயதுப் பிரிவில் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஃபாக்ஸையே அது முந்தியது.

நவம்பர் 8. டிரம்ப் தரப்பு வழக்கறிஞர் சிட்னி பவல், ஃபாக்ஸ் தொகுப்பாளர் மரியா பார்ட்டிரோமோவின் நிகழ்ச்சியில் டொமினியன் குற்றச்சாட்டைச் சொன்னார். அதற்கு ஆதாரம் என்று முந்தின நாள் பவல் அனுப்பிவைத்தது ஒரு பெண் எழுதிய மின்னஞ்சல். தன்னிடம் காற்று பேசுவதாக அந்தப் பெண்ணே அதில் எழுதியிருந்தார்.

நவம்பர் 12. டிரம்ப்பின் பதிவு ஒன்றைச் சரிபார்த்து, ஆதாரம் இல்லை என்று ஃபாக்ஸ் செய்தியாளர் ஒருவர் ட்வீட் போட்டார். அவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும், பங்கு விலை இறங்குகிறது, இது விளையாட்டு அல்ல என்று டக்கர் கார்ல்சன் சக தொகுப்பாளர்களுக்கு எழுதினார்.

நவம்பர் 13. ஃபாக்ஸின் உள் ஆய்வுப் பிரிவே டொமினியன் குற்றச்சாட்டுகளைச் சரிபார்த்து, தவறு என்று எழுதிக் கொடுத்தது.

நவம்பர் 18. ‘சிட்னி பவல் பொய் சொல்கிறார்’ என்று சக தொகுப்பாளர் லாரா இங்கிரமுக்குக் கார்ல்சன் எழுதினார். பவல் முழுப் பைத்தியம் என்றார் இங்கிரம். அடுத்து கார்ல்சன் எழுதிய ஒரு வரியை இந்த வழக்கின் மையம் என்றே சொல்லலாம்: நம் பார்வையாளர்கள் நல்லவர்கள், அவர்கள் இதை நம்புகிறார்கள்.

மறுநாள் கார்ல்சன் தன் நிகழ்ச்சியில், பவலிடம் ஆதாரம் கேட்டேன், தரவில்லை என்று சொல்லவும் செய்தார். அவருக்குக் கிடைத்தது பார்வையாளர்களின் ஆத்திரம். டிசம்பர் 2 அன்று இன்னொரு ஃபாக்ஸ் செய்தியாளர் டிரம்ப்பின் கூற்றுகளை நேரலையில் மறுத்தபோது, தலைமை நிர்வாகி சுசான் ஸ்காட் இது உடனே நிற்க வேண்டும், வியாபாரத்துக்குக் கேடு என்று எழுதினார். குற்றச்சாட்டுகள் தவறு என்று விளக்கும் தகவல்களை ஃபாக்ஸுக்கு 3,600-க்கும் மேற்பட்ட முறை அனுப்பியதாக டொமினியன் தரப்பு கணக்குச் சொல்கிறது.

பவலின் கதையை ஒரு நொடிகூட நம்பவில்லை என்றார் ஃபாக்ஸ் தொகுப்பாளர் ஷான் ஹானிட்டி தன் வாக்குமூலத்தில். சில தொகுப்பாளர்கள் அந்தப் பொய்யை ஆமோதித்தார்கள் என்று ஃபாக்ஸ் குழுமத்தின் அப்போதைய தலைவர் ரூப்பர்ட் மர்டாக்கே ஒப்புக்கொண்டார். மோசடிக் கதையைப் பரப்பிவந்த தலையணை வியாபாரி மைக் லிண்டெல், ஃபாக்ஸின் பெரிய விளம்பரதாரர். அவரை ஏன் தொடர்ந்து அனுமதித்தீர்கள் என்று துருவியபோது, இது சிவப்போ நீலமோ அல்ல, பச்சை என்ற கூற்றுக்கு மர்டாக் ஆமாம் போட்டார். சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம், நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம், பச்சை டாலரின் நிறம்.

யாருக்கு யார் மேல் பயம்?

பெரிய முதலாளியோ கட்சித் தலைமையோ மேலிருந்து கட்டளை போட, சேனல் கீழே பரப்புகிறது என்பதுதான் பொதுவாக நாம் நினைக்கும் படம். ஆவணங்கள் காட்டுவது தலைகீழ். ஏமாற்றியவர்கள் ஏமாற்றப்பட்டவர்களைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

இது கேபிள் டிவியின் வருமானக் கணக்கில் இருந்து வருகிறது. விளம்பரம் ஒரு வழி. அதைவிட உறுதியான வழி, கேபிள் நிறுவனங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுக்கும் கட்டணம். அந்த வீட்டில் ஃபாக்ஸைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கட்டணம் உண்டு. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ‘எங்களை எடுத்துவிட்டால் உங்கள் சந்தாதாரர்கள் கத்துவார்கள்’ என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிக் கத்தக்கூடிய விசுவாசிகள்தான் சேனலின் சொத்து. அந்த விசுவாசி நியூஸ்மேக்ஸுக்குப் போய்விட்டால் போனது ஒரு பார்வையாளர் மட்டுமல்ல.

அரிசோனாவைச் சரியாகக் கணித்த குழுவைப் பாதுகாத்துப் பேசிய அரசியல் ஆசிரியர் கிறிஸ் ஸ்டையர்வால்ட் 2021 ஜனவரியில் வேலையிழந்தார். சரியாகச் சொன்னதற்குத் தண்டனை, தவறாகச் சொன்னதற்குப் பார்வையாளர் எண்ணிக்கை என்று ஆகிவிட்டால் அடுத்த முறை எது நடக்கும் என்று யூகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அரசியல்வாதிகளின் கணக்கு இன்னும் நேரடியானது. தேர்தலுக்குப் பிந்தைய வாரங்களில், ‘தேர்தல் பாதுகாப்பு நிதி’க்குப் பணம் அனுப்புங்கள் என்று டிரம்ப் பிரச்சாரக் குழு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பியது, சில நாட்களில் 25 வரை. திரண்டது சுமார் 25 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 10 கோடி முதல் வாரத்திலேயே வந்தது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் நடந்த தாக்குதலை விசாரித்த நாடாளுமன்றக் குழு தேடிப் பார்த்தபோது, அப்படி ஒரு தனி நிதியே இருக்கவில்லை. பணத்தில் பெரும்பகுதி டிரம்ப்பின் புதிய அரசியல் அமைப்புக்குப் போயிருந்தது. எல்லைச் சுவர் கட்டுகிறோம் என்று பொதுமக்களிடம் 2.5 கோடி டாலருக்கு மேல் திரட்டிய இன்னொரு தனியார் முயற்சியின் நிறுவனர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023-இல் சிறைத் தண்டனை பெற்றார். இவற்றில் ஏமாந்தவர்கள் எல்லாரும் தங்கள் பக்கத்து ஆட்கள் என்று நம்பிக் கொடுத்தவர்கள்.

நம்பினார்களா, நம்புவதாகச் சொன்னார்களா?

2021 முழுவதும் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளில் குடியரசுக் கட்சியினரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் பைடன் முறையாக வெல்லவில்லை என்றார்கள். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கணிப்பாளரின் கேள்விக்குப் பதிலாக வருவது சில நேரம் தகவல் அல்ல, கோஷம். 2017 ஜனவரியில் ஒரு சோதனை நடந்தது. ஒபாமா, டிரம்ப் இருவரின் பதவியேற்புக் கூட்டப் படங்களையும் பெயர் சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் கூட்டம் அதிகம் என்று கேட்டார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் படம். டிரம்ப்புக்கு வாக்களித்தவர்களில் 15 சதவீதம் பேர் காலியாக இருந்த படத்தைக் காட்டினார்கள். ஹிலாரி கிளிண்டனுக்கு வாக்களித்தவர்களில் 2 சதவீதம். அந்த 15 சதவீதம் பேருக்குக் கண் தெரியாமல் இல்லை.

அதனால் 2020 மோசடி நம்பிக்கையும் வெறும் கோஷம்தானா என்று மேத்யூ கிரஹாம், ஓம்ரி யாயிர் என்ற ஆய்வாளர்கள் பல விதமாகச் சோதித்தார்கள். சரியான பதிலுக்குப் பணம் தருவது போன்ற உத்திகளைப் பயன்படுத்தியும் பெரிய மாற்றம் இல்லை. பெரும்பாலானோர் உண்மையாகவே நம்பினார்கள். கார்ல்சன் தன் கைப்பேசியில் எழுதியது சரிதான்.

சேனலை மாற்றினால் நம்பிக்கை மாறுமா? டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் 2020 செப்டம்பரில் ஃபாக்ஸை வழக்கமாகப் பார்ப்பவர்கள் சிலருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து, வாரத்துக்கு 7 மணி நேரம் வரை சிஎன்என் பார்க்க வைத்தார்கள். பார்த்தார்களா என்று சரிபார்க்கக் கேள்விகளும் கேட்டார்கள். மாதக் கடைசியில் கொரோனா பற்றியும் தபால் வாக்கு பற்றியும் அவர்கள் கருத்தில் தெளிவான மாற்றம் இருந்தது. டிரம்ப் தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைச் சொல்லாது என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். பணம் நின்றதும் பழைய சேனலுக்குத் திரும்பினார்கள். இரண்டு மாதத்தில் மாற்றமும் பெரும்பாலும் கரைந்தது.

இந்தச் சோதனை இரண்டு தரப்புக்கும் கசக்கும். ‘இவர்கள் திருந்தவே மாட்டார்கள்’ என்பது தவறு: கொள்கைப் பிடிப்பு மிக்க ஃபாக்ஸ் ரசிகரும் புதுத் தகவல் கிடைத்தால் அசைகிறார். ‘எங்களை யாரும் ஏமாற்றவில்லை, நாங்களே யோசித்து முடிவெடுத்தோம்’ என்பதும் தவறு: யோசிக்கக் கையில் கிடைத்த சரக்கை யாரோ வடிகட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புத்தி குறைவு இங்கே பிரச்சினை இல்லை. ஆன்ட்ரிமின் முதல் எண்ணை மட்டும் பார்த்த எந்தப் புத்திசாலியும் சந்தேகப்படத்தான் செய்வார்.

அந்தப் பக்கம் மட்டும் யோக்கியமா?

இல்லை. 2016 தேர்தலுக்குப் பிறகு, ரஷ்யா வாக்கு எண்ணிக்கையையே மாற்றிவிட்டது என்று ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் கணிசமானோர் நம்பினார்கள். அதற்கும் ஆதாரம் கிடையாது. டிரம்ப்பையும் ரஷ்யாவையும் இணைத்து ஸ்டீல் என்ற முன்னாள் பிரிட்டிஷ் உளவாளி எழுதிய ஆவணத்தை இடதுசாரிச் சாய்வுள்ள ஊடகங்கள் மாதக்கணக்கில் தூக்கிப் பிடித்தன. அதைப் பற்றிய பழைய செய்திகளில் சில பகுதிகளை 2021 நவம்பரில் வாஷிங்டன் போஸ்ட் திருத்தி நீக்க வேண்டிவந்தது. தோற்ற பக்கம் முறைகேடு என்று சந்தேகிப்பது எல்லாக் கட்சிக்கும் பொது.

வித்தியாசம் தலைவர்கள் அந்தச் சந்தேகத்தை என்ன செய்தார்கள் என்பதில். ஹிலாரி மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டார். டிரம்ப் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சந்தேகம் தானாக முளைக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

அதேபோல் எல்லாப் பழமைவாதிகளும் மயங்கவில்லை. முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதுவும் இல்லை என்று டிசம்பர் 1 அன்று சொன்னது டிரம்ப்பின் சொந்த அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார். பென்சில்வேனியா முடிவை எதிர்த்த வழக்கில் டிரம்ப் தரப்பின் மேல்முறையீட்டை நிராகரித்த தீர்ப்பில், குற்றச்சாட்டு என்றால் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும், பிறகு நிரூபிக்க வேண்டும், இங்கே இரண்டுமே இல்லை என்று எழுதிய ஸ்டெஃபனோஸ் பீபஸ், டிரம்ப் நியமித்த நீதிபதி.

பொய்யின் செலவை யார் கட்டினார்கள்?

முதல் அடி விழுந்தது குடியரசுக் கட்சிக்கே. 2021 ஜனவரி 5 அன்று ஜார்ஜியாவில் இரண்டு செனட் இடங்களுக்கு மறு சுற்றுத் தேர்தல். இயந்திரங்களை நம்பாதீர்கள், இந்த நிலையில் வாக்களிக்கப் போகாதீர்கள் என்று பவலின் கூட்டாளி வழக்கறிஞர் லின் வுட் கூட்டம் போட்டுச் சொன்னார். இரண்டு இடங்களும் போயின, செனட்டும் போனது. மறுநாள் ஜனவரி 6, டிரம்ப் ஆதரவாளர்கள் நடத்திய நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல். அதில் வழக்குக்கு ஆளான 1,500-க்கும் மேற்பட்டோரில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார்கள், மீண்டும் அதிபரான டிரம்ப்பிடமிருந்து 2025 ஜனவரியில் மன்னிப்பு வரும்வரை. அந்தக் கதையை ஃபாக்ஸில் ஒளிபரப்பிய தொகுப்பாளர் யாரும் அதற்காக ஒரு நாளும் உள்ளே போகவில்லை.

அரிசோனாவின் மாரிக்கோப்பா கவுன்ட்டியில் குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஏற்பாடு செய்த தனியார் மறு ஆய்வு, பெரும்பாலும் ஆதரவாளர்களிடம் திரட்டிய பணத்தில் மாதக்கணக்கில் நடந்தது. 2021 செப்டம்பரில் வந்த விடையில் பைடனின் முன்னிலை 360 வாக்குகள் கூடியிருந்தது.

அதிகம் பேசப்படாத விளைவு ஒன்று உண்டு. நடைமுறையில் மற்றதைவிட மோசமானது. எரிக் என்று ஒரு கூட்டமைப்பை 2012-இல் ஏழு மாகாணங்கள் தொடங்கின. மாகாணங்கள் வாக்காளர் பட்டியலையும் ஓட்டுநர் உரிமப் பதிவையும் அதற்குக் கொடுக்கும். மத்திய அரசின் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, இறந்தவர், ஊர் மாறியவர், இரண்டு மாகாணத்தில் வாக்களித்தவர் யார் என்று அது பட்டியல் தரும். இரட்டை வாக்கைப் பிடிக்க மாகாணங்களுக்கு இடையில் இருந்த ஒரே உருப்படியான கருவி. 2022 ஜனவரியில் ஒரு வலதுசாரி இணையதளம் இது இடதுசாரிச் சதி என்று எழுதியது. லூசியானா உடனே பங்கேற்பை நிறுத்தியது. 2023 முடிவதற்குள் ஃபுளோரிடா, டெக்சாஸ், ஒஹாயோ உட்பட ஒன்பது குடியரசுக் கட்சி மாகாணங்கள் வெளியேறிவிட்டன. மோசடி மோசடி என்று கத்தியவர்கள் மோசடியைப் பிடிக்கும் வலையைக் கிழித்தார்கள்.

இழப்பீடு யாருக்கு?

அமெரிக்காவில் பொதுவாழ்வில் உள்ளவரோ நிறுவனமோ அவதூறு வழக்கில் ஜெயிப்பது கடினம். 1964-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, சொன்னது பொய் என்பது போதாது. பொய் என்று தெரிந்தே சொன்னார், அல்லது பொய்யா மெய்யா என்று பார்க்கும் அக்கறையே இல்லாமல் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டும். கைப்பேசிச் செய்திகள் இத்தனை முக்கியமானது இதனால்தான். டொமினியன் பற்றி ஒளிபரப்பானவற்றில் எதுவும் உண்மையில்லை என்பது பளிங்குபோல் தெளிவு என்று நீதிபதி டேவிஸ் விசாரணைக்கு முன்பே தீர்ப்பில் எழுதினார். நியூஸ்மேக்ஸும் பிறகு டொமினியனுக்கு 6.7 கோடி டாலர் கட்டியது. ஜார்ஜியாவின் இரண்டு தேர்தல் பணியாளர்களை அவதூறு செய்ததற்கு டிரம்ப்பின் வழக்கறிஞராக இருந்த ரூடி ஜூலியானி 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி சொன்னது.

பவல் தரப்பு 2021-இல் நீதிமன்றத்தில் முன்வைத்த வாதமும் கவனிக்க வேண்டியது: நியாயமான எந்த மனிதரும் அவர் பேச்சை உண்மைத் தகவல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். கார்ல்சன் மீதான வேறொரு அவதூறு வழக்கில் ஃபாக்ஸ் வழக்கறிஞர்களும் இதே பாணியில் வாதாடி 2020-இல் ஜெயித்தார்கள். பார்வையாளரிடம் ‘நம்புங்கள்’, நீதிபதியிடம் ‘இதை யார் நம்புவார்?’

இந்த வழக்குகளில் பணம் போனதெல்லாம் பழி சுமத்தப்பட்டவருக்குத்தான். பழியை நம்பியவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கொரோனா பற்றிய ஃபாக்ஸ் ஒளிபரப்பு நுகர்வோரை ஏமாற்றியது என்று வாஷிங்டன் மாகாணத்தில் ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பைக் காட்டி நீதிமன்றம் 2020 மே மாதமே அதைத் தள்ளுபடி செய்தது. டொமினியனுடன் செய்துகொண்ட சமரசத்திலும் தொகுப்பாளர்கள் திரையில் தோன்றி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. டொமினியன் பற்றிய சில கூற்றுகள் பொய் என்ற நீதிமன்றத் தீர்ப்பை ஒப்புக்கொள்கிறோம் என்று ஓர் அறிக்கை வந்தது, அதோடு சரி. நவம்பர் 8 அன்று பார்ட்டிரோமோவின் நிகழ்ச்சியைப் பார்த்து நம்பிய ஒருவர் அதன் பிறகும் ஃபாக்ஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், தான் கேட்டது பொய் என்று அதே தொகுப்பாளரின் வாயால் அவர் ஒருபோதும் கேட்டிருக்க மாட்டார்.